பெயர் சொல்லாத பட்டன்கள்

மூன்று நான்கு வருடம் இருக்கும். தீபாவளி முடிந்த நேரம். ஆரணியில் என் மனைவி வேலை பார்க்கும் பட்டுப் புடவைக் கம்பெனியில் நடந்தது இது.

என் மனைவிக்குக் கண் தெரியாது. சின்ன வயதில் காய்ச்சல் வந்து பார்வை போய்விட்டது. விடுதியில் தங்கிப் படித்தாள். பி.காம் முடித்து, கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டாள். நான் ஏழாவதோடு சரி. வீடு சேவூரில். அங்கேயே ஒரு சாயப்பட்டறையில் வேலை. பட்டு நூலைக் கொதிக்கிற சாயத்தில் முக்கி, திருப்பி, பிழிந்து, நிழலில் உலர்த்துவது.

எங்கள் கல்யாணப் பேச்சு நடக்கும்போது களம்பூரிலிருந்து வந்த என் சித்தப்பா கேட்டார், "கண்ணு தெரியாத பொண்ணு எப்படிடா சோறாக்கும்?"

"சோறு நான் ஆக்கிக்கறேன். அரிசி வாங்கற அளவுக்கு அது சம்பாரிக்குது" என்றேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

கம்பெனியில் அவள் வேலை இதுதான். நெசவாளர்களிடமிருந்து வரும் புடவையைக் கணக்கில் ஏற்றுவது. கடைகளிலிருந்து வரும் ஆர்டரைப் பதிவது. பில் போடுவது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஒரு சாஃப்ட்வேர் அவள் கம்ப்யூட்டரில் உண்டு. காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்வாள். மவுஸைத் தொடமாட்டாள். எல்லாம் கீபோர்டுதான். பேக்கிங்கில் இருக்கும் பெண் புடவைச் சீட்டைப் பார்த்து நிறம், பார்டர், எடை என்று வாசிப்பாள். அவள் வாசித்து வாய் மூடுவதற்குள் இவள் ஏற்றி முடித்திருப்பாள்.

பட்டறையிலிருந்து அந்தக் கம்பெனிக்கும் நூல் போகும். கீழே குடோன், மாடியில் ஆபீஸ். நூல் இறக்கப் போனால் மாடிப்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்ப்பேன். ஜன்னலோரம் அவள் இடம். விரல் ஓடிக்கொண்டிருக்கும். முகம் தெருப் பக்கம் திரும்பியிருக்கும். கம்ப்யூட்டர் திரையை அணைத்தே வைத்திருப்பாள். அவளுக்கு அது எதற்கு. புதிதாக வருகிறவர்கள் கரண்ட் இல்லை போலிருக்கிறது என்று நினைப்பார்கள்.

அந்த வருடம் தீபாவளி முடிந்ததும் முதலாளி சென்னைக் கம்பெனி ஒன்றிடம் புது பில் சாஃப்ட்வேர் வாங்கினார். பழையது வெறும் எழுத்தாக இருக்கும். எழுத்தாக இருப்பதை அந்தக் குரல் வாசித்துவிடும். புதியது பார்க்க அழகாக இருந்தது. எல்லாம் படம். வண்டிப் படத்தைத் தொட்டால் சரக்கு அனுப்பலாம். பெட்டிப் படத்தைத் தொட்டால் இருப்பு தெரியும். நிறத்துக்குப் பெயரே போட வேண்டாம். கட்டம் கட்டமாக நிறமே தெரியும். அதில் ஒன்றைத் தட்டினால் போதும்.

புதியது வந்த பிறகு அவள் பேச்சுக் குறைந்தது. மற்ற நாளில் வண்டியில் பின்னால் உட்கார்ந்ததும் ஆரம்பிப்பாள். யார் வந்தார்கள், எந்தக் கடைக்காரர் என்ன சண்டை போட்டார், எல்லாம் சேவூர் வரும்வரை ஓடும். இப்போது தோளில் கை வைத்து "போலாம்" என்பதோடு சரி. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

ஒரு நாள் நூல் இறக்கப் போனபோது அந்தப் பேக்கிங் பெண் குடோனில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, அக்கா உங்ககிட்ட சொன்னாங்களா?"

"இன்னாத்த?"

"சும்மாவே குந்திகினு இருக்காங்கண்ணா. புதுசு அவங்களுக்குப் பேச மாட்டேங்குது. நான்தான் தடவித் தடவி பில் போட்டுகினு இருக்கேன். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். அரிசி கொதித்ததும் அடுப்பைத் தணித்தேன்.

"ஆபீஸ்ல இன்னா பிரச்சனை?" என்றேன்.

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நீ பேசாம இருக்கறதே சொல்லுது."

அவள் சொன்னாள். "நீ என்னை நம்ம பஸ் ஸ்டாண்டுல வுட்டுட்டுப் போறன்னு வச்சிக்கோ. எப்பவும் கண்டக்டருங்க வந்தவாசி, போளூர், செய்யாறுன்னு கூவுவாங்க. நான் பாட்டுக்கு ஏறிப் போய்ருவேன். ஒரு நாளு எல்லா கண்டக்டரும் பஸ்ஸு, பஸ்ஸு, பஸ்ஸுன்னு மட்டும் கூவறான். எந்த ஊருன்னு சொல்ல மாட்டேங்கறான். நான் எதுல ஏறது?"

எனக்கு அது போதுமாக இருந்தது. அந்தப் படங்களுக்குப் பின்னால் பெயர் எழுதவில்லை. பெயர் இல்லாததால் குரலுக்கு வாசிக்க ஒன்றும் இல்லை. எதைத் தொட்டாலும் 'பட்டன்' என்று மட்டும் சொல்லும். அது சேமிக்கிற பட்டனா, அழிக்கிற பட்டனா என்று தெரியாது. நிறக் கட்டத்துக்கு அதுகூடச் சொல்லாது. அந்த இடத்தில் குரல் அடங்கிவிடும்.

"முதலாளிகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். பாக்கலாம்ன்றாரு."

முதலாளி கெட்டவர் இல்லை. கண் தெரியாத பெண்ணை வேலைக்கு வைத்தபோது கடைத்தெருவில் இருக்கிறவர்கள் அவரைத்தான் கேலி பண்ணினார்கள். "வேலை செய்யுது, வச்சிகினு இருக்கேன்" என்று சொன்னவர். மறுநாள் நான் போய்க் கேட்டேன். அவளும் பக்கத்தில் நின்றாள்.

"நான் இன்னாமா பண்றது?" என்றார் அவளைப் பார்த்து. "பழசுக்கு இனிமே ரிப்பேர் பண்ண ஆளு வரமாட்டேன்றான். பெரிய கடைக்காரனுங்க எல்லாம் போட்டோவோட பில்லு கேக்கறானுங்க. ஊரே மாறிகினு இருக்குது."

"மாற வேணாம்னு சொல்லல சார். இது எனக்கும் பேசணும். சாஃப்ட்வேர்காரங்ககிட்ட சொல்லுங்க."

"சொன்னம்மா. பாக்கறம்ன்றாங்க. அதுவரிக்கும் உன் வூட்டுக்காரரை வேணா பக்கத்துல குந்த வையேன். படிச்சி சொல்லட்டும்."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தை பொறந்தா கல்யாண ஆர்டரு கொட்டும். அதுக்குள்ள இது உனக்குப் பேசலன்னா நான் வேற ஏற்பாடு பண்ணியாகணும். தப்பா நெனச்சிக்காதம்மா."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்போது மழைக்காலம். நூல் காயாது. பட்டறையில் வேலை குறைவு. மத்தியானத்துக்கு மேல் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு ஆபீசுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்காருவேன். அணைந்து கிடந்த திரையைப் போட்டார்கள். மவுஸ் என் கையில். அதற்கு முன்னால் நான் அதைத் தொட்டதில்லை. இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். நான் ஒரு சொல்லைப் படித்து முடிப்பதற்குள் அவள் பத்து பில் போட்டுவிடுவாள் என்று இருவருக்கும் தெரியும். கீபோர்டில் விரலை வைத்தபடி காத்திருப்பாள்.

நிறத்தில்தான் பேஜார். கட்டங்களில் சிவப்பு மாதிரி நாலைந்து இருந்தது.

"அரக்கு எது?" என்றாள்.

"எதுவும் அரக்கு இல்ல. ஒண்ணுல நீலம் ஓடுது. இன்னொண்ணு மாதுளை."

"யோவ், நீ சாயம் முக்க வரல. இருக்கறதுல எது கிட்ட வருதோ அத்த சொல்லு."

"கிட்ட வருதுன்னு முக்கனா, எங்க மேஸ்திரி நூலை மூஞ்சிலயே அடிப்பாரு."

அவள் சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

சாயம் போடுகிறவனுக்கு இது ஒரு வியாதி. இரண்டு நூல்கற்றையை வெயிலில் வைத்தால், எதில் ஒரு சொட்டு அதிகம் விழுந்திருக்கிறது என்று கண் தானாகத் தேடும். திரையில் தெரிந்த நிறம் ஒன்றும் நிறமாகவே எனக்குத் தெரியவில்லை. புடவையை ஜன்னலோரம் எடுத்துப் போய்ப் பார்ப்பேன். திரும்பி வந்து திரையைப் பார்ப்பேன். நீளத்தில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை ஒரு நிறம் என்று நெய்த புடவையானால் முடிந்தது. எந்தக் கட்டம் என்று முடிவு பண்ணவே நேரம் போய்விடும். அதற்குள் கீழே லாரிக்காரன் ஹாரன் அடிப்பான்.

இதையெல்லாம்கூடச் சமாளித்திருப்போம். வேறு ஒன்று நடந்தது. ஆபீசில் இருக்கிறவர்கள் என்னிடம் பேச ஆரம்பித்தார்கள்.

"அண்ணா, பெங்களூரு பில்லு ஆச்சா?"

"அண்ணா, நேத்து வந்த புடவை ஏத்திட்டீங்களா?"

எனக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும். அவள் என் பக்கத்திலேயே இருந்தாள். ஆனாலும் கேள்வி என் மூஞ்சிக்குத்தான் வரும். நான் அவளைப் பார்ப்பேன். அவள் பதில் சொல்வாள். சொன்னதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "சரிண்ணா" என்று போவார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. திரை யார் கையில் இருக்கிறதோ அவரிடம் பேசுவது பழக்கமாகிவிட்டது.

ஒரு சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது சொன்னாள், "நாளைலருந்து வராத."

"ஏன்?"

"இப்ப உன்னைத்தான் வேலைக்கு வச்சிருக்காங்க. என்னை இல்ல."

வழியில் மழை பிடித்தது. எங்கும் ஒதுங்கவில்லை. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தோம்.

மறுநாளிலிருந்து மறுபடி பேக்கிங் பெண்தான் பில் போட்டாள். அதற்குப் பிறகு ஒரு நாள் சென்னையிலிருந்து சாஃப்ட்வேர்காரர் வந்தார். வேறு ஏதோ பிரிண்டர் வேலைக்காக வந்தவர். முப்பது வயதுக்குள் இருக்கும், முதுகில் பை. அவர் வருகிறார் என்று தெரிந்ததும் அவள் என்னையும் வரச் சொன்னாள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. சும்மா இரு, போதும் என்றாள்.

அவர் பிரிண்டர் வேலையை முடித்ததும் அவள் கேட்டாள். "சார், ஒரு அஞ்சு நிமிஷம் இங்க வந்து குந்துங்க. நான் கேக்கறத நீங்களும் கேளுங்க."

ஹெட்போன் வயரை உருவினாள். குரல் வெளியே வந்தது. அவள் வழக்கமாகக் கேட்கும் வேகம் எங்களுக்கு வண்டு சத்தம் மாதிரி இருக்கும். அன்று வேகத்தைக் குறைத்து வைத்தாள். ஒரு விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொன்றாக நகர்ந்தது.

"பட்டன்" என்றது குரல். தட்டினாள். "பட்டன்." தட்டினாள். "பட்டன்." தட்டினாள். "பட்டன்."

பேக்கிங் பெண் முதலில் சிரித்தாள். "இன்னாக்கா, ரெகார்டு மாட்டிக்கிச்சா?"

மற்றவர்களும் சிரித்தார்கள். முதலாளியும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். புடவை பார்க்க வந்து உட்கார்ந்திருந்த ஒரு கடைக்காரர் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார். அவள் நிறுத்தவில்லை. தட்டிக்கொண்டே போனாள். அத்தனை பேர் முன்னால், அத்தனை பட்டனையும். நிறக் கட்டம் வந்ததும் குரல் நின்றுவிட்டது. விரல் மட்டும் தட்டும் சத்தம். அப்போது சிரிப்பும் நின்றது.

சாஃப்ட்வேர்காரர் சிரிக்கவில்லை. தான் செய்ததையே முதல் தடவை பார்ப்பது போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை நான் இப்படிக் கேட்டதே இல்ல மேடம்" என்றார்.

"என்ன பண்ணா பேசும் சார்?"

"பெரிய வேலை இல்ல. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு பேர் எழுதணும். அவ்வளவுதான். எழுதாம விட்டுட்டோம்."

"ஏன் எழுதல?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "செய்யும்போது யாரும் கேக்கல மேடம்."

"நான் கேக்கறேன் சார்."

"போய்ச் சொல்றேன்" என்றார். போன் நம்பர் கொடுத்தார்.

அவள் நம்பினாள். நானும் நம்பினேன். வீட்டுக்கு வரும் வழியில் நிறையப் பேசினாள்.

பிறகு போன்தான். முதலில், "சொல்லிட்டேன் மேடம்." அப்புறம், "மேல பேசிகிட்டு இருக்காங்க மேடம்." மார்கழியில் ஒரு நாள் அவரே கூப்பிட்டார். அவள் எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். ஒரு ஆளுக்காக மாத்த முடியாதுன்னு சொல்றாங்க."

"ஒரு ஆளுன்னு எப்படித் தெரியும் சார்?"

"எங்ககிட்ட இருக்கற கஸ்டமர்ல உங்களத் தவிர யாரும் கேட்டதில்ல."

"பேசாத சாஃப்ட்வேரை வச்சிகினு எங்கள மாதிரி ஆளு எப்படி சார் உங்ககிட்ட வருவாங்க? கதவு சாத்தியிருக்குது. உள்ள எட்டிப் பாத்துட்டு யாருமே வரலன்றீங்க."

"புரியுது மேடம்" என்றார். அவருக்குப் புரிந்துதான் இருந்தது. முடிவு அவர் கையில் இல்லை.

தை பிறந்தது. முதலாளி சொன்னதைச் செய்தார். வேலையை விட்டு அனுப்பவில்லை. சம்பளம் குறைக்கவில்லை. வாசலோரம் ஒரு மேசை போட்டு அதில் போனை வைத்தார். வரும் போனை எடுத்து, ஆர்டரைக் கேட்டு, உள்ளே இருக்கும் பேக்கிங் பெண்ணிடம் சொல்ல வேண்டும். அவள் ஏற்றுவாள். ஜன்னலோர இடம் இப்போது அந்தப் பெண்ணுக்கு. அவள் இவளிடம் வந்து அழுதாள். "நான் கேக்கலக்கா." இவள்தான் அவளுக்குச் சமாதானம் சொன்னாள்.

எல்லோரும் என்னிடம் ஒன்றையே சொன்னார்கள். "வேற எடமா இருந்தா ஊட்டுக்கு அனுப்பிச்சிருப்பானுங்க." உண்மைதான். நானும் அதை அவளிடம் சொன்னேன்.

"நான் வூட்ல குந்தக் கூடாதுன்னு வேலைக்குப் போவல" என்றாள். "எனக்கு வேலை தெரியும். அதுக்குத்தான் போனேன்."

நான் போய்ச் சோறு வடித்தேன்.

போன் மேசையில் அவளை நிறையத் தடவை பார்த்தேன். நன்றாகத்தான் பேசினாள். கடைக்காரர்கள் குரலை வைத்தே ஆள் கண்டுபிடிப்பாள். ஆனால் போன் வராத நேரத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படி அவள் உட்கார்ந்து நான் முன்பு பார்த்ததில்லை. சில நேரம் மேசை விளிம்பில் விரல் தட்டிக்கொண்டிருக்கும். பில் போடுகிற மாதிரியே தட்டும். பிறகு அவளுக்கே தெரிந்து நிறுத்திவிடுவாள்.

பங்குனி கடைசியில் அந்த சாஃப்ட்வேர்காரர் தானாகவே வந்தார். ஞாயிற்றுக்கிழமை. முதலாளி ஆபீசைத் திறந்துவிட்டார். எங்களையும் வரச் சொன்னார்கள்.

"நான் அடுத்த மாசம் வேற கம்பெனிக்குப் போறேன் மேடம்" என்றார் வந்தவர். "போறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சிடலாம்னு வந்தேன். ஆபீஸ்ல சொல்லிட்டேன். உங்க ஒரு கம்ப்யூட்டர்ல வேணா செஞ்சிக்கோன்னாங்க. எல்லாத்துக்கும் சேர்க்க ஒத்துக்கல."

பில் போடும் பக்கத்துக்கு மட்டும் பெயர் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். ஒரு விசை தட்டினாள். இன்னொன்று. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வயரை உருவி எங்களுக்கும் கேட்க வைத்தாள். சேவ் என்றது. பிரிண்ட் என்றது. கேன்சல் என்றது. அவள் மறுபடி மறுபடி அதையே தட்டிக் கேட்டாள். நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

நிறக் கட்டம்தான் பாக்கி. அவற்றுக்கு என்ன பெயர் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைத்தெருவில் சொல்கிற பெயரே வேண்டும் என்றாள் இவள். நான் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துச் சொன்னேன். கிட்ட வந்ததுக்கு அரக்கு என்றே விட்டுக்கொடுத்தேன். பிறகு மாதுளை, வெங்காயத் தோல், கிளிப்பச்சை, மயில் கழுத்து, யானைக் கலர், எலுமிச்சை. அவர் இங்கிலீஷ் எழுத்தில் அடித்தார். இவள் கேட்டுப் பார்த்தாள். அந்தக் குரலுக்குத் தமிழ் வரவில்லை. வெங்காயத் தோலை அது சொன்ன விதத்தில் முதலாளி முழங்காலைத் தட்டிச் சிரித்தார். "வெள்ளைக்காரன் மார்க்கெட்டுக்கு வந்தா மாதிரி கீது" என்றார்.

"எப்படிச் சொன்னா இன்னா சார்? சொல்லுதே" என்றாள் இவள்.

போகும்போது சாஃப்ட்வேர்காரர் முதலாளியிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "கம்பெனிலருந்து புது அப்டேட் வந்தா, நான் எழுதினது போயிடும் சார். முடிஞ்சவரைக்கும் போடாதீங்க. எல்லாருக்கும் சேர்க்கச் சொல்லி நானும் மெயில் போட்டிருக்கேன்."

"போடல தம்பி. நீ போய்ட்டு வா" என்றார் முதலாளி.

அவள் பழைய இடத்துக்குத் திரும்பினாள். சித்திரை, வைகாசி கல்யாண ஆர்டர் முழுக்க அவள்தான் பார்த்தாள். வண்டியில் பேச்சும் திரும்பியது. பேக்கிங் பெண்ணோடு சீட்டு வாசிக்கும் போட்டியும் நடந்தது. திரையை மறுபடி அணைத்துப் போட்டாள்.

சாஃப்ட்வேர் அப்டேட் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தள்ளிக்கொண்டே போனார். ஆனி மாதம் வரிக் கணக்கில் ஏதோ மாற்றம் வந்தது. அப்டேட் போடாவிட்டால் பில் செல்லாது என்று ஆடிட்டர் சொன்னார். சரக்கு கட்டி வைத்தபடி நின்றது. கடைக்காரர்கள் போன் மேல் போன். முதலாளி சென்னைக் கம்பெனிக்கும் பேசிப் பார்த்தார். அந்தப் பெயர் எழுதின விஷயம் அங்கே புதிதாக இருந்த யாருக்கும் தெரியவில்லை. எதைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்களாம்.

அன்று நான் நூல் இறக்கிவிட்டு மாடிக்குப் போனேன். முதலாளி அவள் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"வரி மாத்திட்டானுங்கம்மா" என்றார்.

"தெரியும் சார். ஆடிட்டர் பேசனது கேட்டுது."

"நான் எவ்ளோ நாளுதான் தள்ளறது."

"தள்ள வேணாம் சார். சரக்கு நிக்குது."

"அந்தப் பொண்ணைக் கூப்புடறேன். அது போடட்டும். நீ கொஞ்சம் ஏந்திரும்மா."

"எதுக்கு சார்? அப்டேட் போடட்டுமான்னு கேக்கற எடத்துக்கு மட்டும் பேரு எழுதி வச்சிருக்காங்க. அது நல்லாவே பேசுது. நானே போடறேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவள் விரலைப் பார்த்தேன்.

அவள் விசையை அழுத்தினாள். தயங்கவில்லை. அப்டேட் முடிய நேரம் எடுத்தது. பேக்கிங் பெண் புடவை மடிப்பதை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். ஒருவேளை அந்த சாஃப்ட்வேர்காரர் போட்ட மெயிலைப் பார்த்து சேர்த்திருப்பார்களோ என்று எனக்கு ஒரு எண்ணம். அவளுக்கும் இருந்திருக்கும். ஹெட்போனை ஒரு கையால் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

முடிந்ததும் தட்டிப் பார்த்தாள். ஒரு தடவை. கொஞ்சம் நகர்ந்து இன்னொரு தடவை. நிறக் கட்டம் வரைக்கும் போனாள். அன்று வயரை உருவவில்லை. எங்களுக்குக் கேட்க வைக்கவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டோம்.

ஹெட்போனைக் கழற்றினாள். வயரைச் சுற்றிப் பைக்குள் வைத்தாள். திரையைப் போட்டாள், அடுத்து வருகிறவளுக்காக. எழுந்து நாற்காலியை மேசையோடு சேர்த்துத் தள்ளினாள். யாரும் போகச் சொல்லவில்லை. அவளே நடந்து போய் வாசலோரப் போன் மேசையில் உட்கார்ந்தாள். உட்காரும்போதே போன் அடித்தது. எடுத்து, "வணக்கம், சொல்லுங்க" என்றாள். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

முதலாளி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பேக்கிங் பெண் ஜன்னலோரம் வந்தும் உட்காராமல் கொஞ்ச நேரம் நின்றாள். நான் பட்டறைக்குத் திரும்பினேன். அன்று ஒரு கொப்பரைச் சாயம் கெட்டது. மேஸ்திரி திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

இன்னமும் அவள் போன் மேசையில்தான் இருக்கிறாள். சென்னைக் கம்பெனிக்கு அவ்வப்போது பேசுகிறாள். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் எடுக்கிறார். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்கிறாள். நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அலுத்துக்கொள்ள மாட்டாள். "ஆமாங்க, கண்ணு தெரியாது. ஆமாங்க, கம்ப்யூட்டர் தெரியும்" என்று பொறுமையாக ஆரம்பிப்பாள். எடுக்கிறவர்களும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். எழுதிக்கொள்கிறேன் என்கிறார்கள்.

கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். முதலாளி நல்லவர், அந்த சாஃப்ட்வேர்காரர் நல்லவர், அந்தப் பெண் நல்லவள், அத்தனை பேரும் நல்லவர்களாக இருந்தும் வேலை தெரிந்த ஒருத்தி தானே எழுந்து இடத்தை விட்டுப் போக வேண்டியிருந்ததை இன்றைக்கும் என்னால் யார் மேலும் இறக்கி வைக்க முடியவில்லை.